கர்ப்ப காலத்தில் நிரப்பும் உணவுப் படிவத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது, ஐந்தாம் மாதம். உயரம் 155 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 82 கிலோ. ஆஸ்பத்திரியில் எந்தெந்த உணவை வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிடுகிறாய் என்று ஒரு படிவம் நிரப்பினார்கள். நாளுக்கு 1,200 கலோரி என்று வந்தது. "இவ்வளவுதான் சாப்பிடுகிறாய் என்றால் எடை எப்படி ஏறும், மறைக்காமல் சொல்" என்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுகிறாள். அந்தப் படிவம் அவ்வளவு சரியானதா?

பதில்: 1,200 கலோரி என்ற கணக்கு அநேகமாகத் தவறுதான். அதற்காக உங்கள் தங்கை பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. சேலத்தில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். கர்ப்பிணிகளிடம் உட்கார்ந்து இதே மாதிரிப் படிவங்களை நிரப்பி வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். உங்கள் தங்கையின் உயரம், எடை, வயதுக்கு, நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலே உடம்பு ஏறத்தாழ 1,500 கலோரி செலவழிக்கும். கர்ப்பத்தில் அது இன்னும் கூடும். நடப்பது, துணி துவைப்பது எல்லாம் இதற்கு மேல். ஆகவே மாதக்கணக்கில் 1,200 கலோரியிலேயே ஓட்டினார் என்பது நம்பும்படி இல்லை. சாப்பிட்டதாகச் சொன்ன கலோரியை இந்த அடிப்படைச் செலவால் வகுத்துப் பார்த்து, ஈவு மிகவும் குறைந்தால் 'பதிவு விடுபட்டிருக்கிறது' என்று முடிவு செய்யும் முறையை 1991-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் கோல்ட்பர்க்கின் குழுவினர் வகுத்துக் கொடுத்தார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த வகுத்தல் பதிவில் குறை இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். குறை எங்கிருந்து வந்தது என்று காட்டாது.

பாதிக் குறை படிவத்திலேயே இருக்கிறது. பல படிவங்களில் சாதம், இட்லி, தோசை, சப்பாத்தி என்று வரிசை போகும். தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டுக்கு அதில் இடம் எங்கே? சாயங்காலம் ஒரு செட்டோ நொறுக்கலோ சாப்பிடுவதை சேலத்தில் யாரும் 'சாப்பாடு' என்று எண்ணுவதில்லை. கேட்டால்தான் சொல்வார்கள், கேட்கும் வரி படிவத்தில் இல்லை. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி உப்புமாவும் வடகமும் சாதாரணமாகப் புழங்கும். ஜவ்வரிசி என்பது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. அதை 'இதர' என்ற கட்டத்தில் எழுதினால் கணக்கில் எப்படிச் சேரும்? ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருந்து வருபவர்களிடம் களி எவ்வளவு என்று கேட்டால் "ரெண்டு உருண்டை" என்பார்கள். உருண்டை வீட்டுக்கு வீடு மாறும். மாம்பழப் பருவத்தில் கேட்டால் வரும் பதில் வேறு, ஐப்பசியில் கேட்டால் வரும் பதில் வேறு.

எண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது 270 கலோரிக்கு மேல். படிவத்தில் "குழம்புக்கு ரெண்டு ஸ்பூன்" என்று எழுதியிருப்பார்கள். சமைப்பது மாமியாராக இருந்தால் அந்த இரண்டு ஸ்பூனும் ஊகம்தான். இதில் மறைத்தது என்ன இருக்கிறது?

அப்புறம் கேட்கும் விதம். வரிசையில் பத்துப் பேர் நிற்க, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எடை பார்த்து "ஏம்மா இவ்வளவு ஏறியிருக்கு" என்று திட்டு வாங்கிய கையோடு, "பிஸ்கட் எத்தனை?" என்று கேட்டால் எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? எடை அதிகமுள்ள பெண்களில் பலர் சிறுவயதிலிருந்தே சாப்பாட்டுக்காகக் கேலிக்கு ஆளானவர்கள். அவர்கள் குறைத்துச் சொல்லும்படி அந்தச் சூழ்நிலைதான் செய்கிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

சரி, ஒரு படிவம் எவ்வளவு துல்லியம் என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரே ஆளிடம் படிவத்தையும் நிரப்பி, நேற்று சாப்பிட்டதையும் கேட்டு எழுதி, இரண்டையும் ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் படிவம் சரி என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இதில் திருப்தி இல்லை. இரண்டுக்கும் பதில் சொல்வது ஒரே வாய், ஒரே நினைவு, ஒரே கூச்சம். படிவத்தில் விட்ட பிஸ்கட்டை மறுநாள் கேட்டாலும் விடத்தான் செய்வார். ஆகவே நினைவைச் சாராத ஒரு சாட்சி வேண்டும்.

அப்படி ஒரு சாட்சி, இரட்டை அடையாள நீர். சாதாரண அணுவைவிட எடை கூடிய, அதனால் தனியாக அடையாளம் காண முடிகிற ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை ஒரு முறை குடிக்கக் கொடுப்பார்கள். கதிரியக்கம் இல்லாதது, கர்ப்பிணிகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே உடம்பை விட்டு வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் மாதிரி எடுத்து, இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால், உடம்பு எவ்வளவு கரியமில வாயு வெளிவிட்டது, அதிலிருந்து எவ்வளவு கலோரி எரித்தது என்று தெரிந்துவிடும். மனிதர்களிடம் 1982-இல்தான் முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள். செலவு மிக அதிகம், ஆய்வுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

அடுத்த சாட்சி சிறுநீரில் உள்ள நைட்ரஜன். சாப்பிட்ட புரதத்தில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்து அளந்தால் எவ்வளவு புரதம் சாப்பிட்டார் என்று கணிக்கலாம். டென்மார்க்கில் செய்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வு இப்படித்தான் சரிபார்த்தது. உடல் பருமன் கூடக்கூட சொல்லாமல் விடுவதும் கூடியது. விடுபட்டவை பெரும்பாலும் கொழுப்பும் மாவுச்சத்தும் மிகுந்த உணவுகள், புரதம் அவ்வளவாக விடுபடவில்லை. அமெரிக்காவில் 1992-இல், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை இரட்டை அடையாள நீரால் சோதித்தபோது, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர்.

கர்ப்பம் என்றால் இந்தச் சோதனையும் சிக்கலாகிவிடுகிறது. எடை மாறாத ஒருவருக்கு எரித்த கலோரியும் சாப்பிட்ட கலோரியும் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு அப்படி இல்லை. குழந்தை, நஞ்சுக்கொடி, ரத்தம், நீர், கொழுப்பு என எல்லாம் கூடுகின்றன, அவற்றில் சேமித்த ஆற்றலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நைட்ரஜனும் அப்படியே. கொஞ்சம் குழந்தையின் வளர்ச்சிக்குப் போவதால் சிறுநீரில் குறைவாக வரும். முதல் மூன்று மாதம் வாந்தி என்றால், 'கடந்த மூன்று மாதச் சராசரி' என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை.

இன்னொன்றையும் மருத்துவமனைகள் கவனிக்க வேண்டும். எடை ஏறுவதால் மட்டும் நிறையச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் லூசியானாவில் பருமனான 54 கர்ப்பிணிகளிடம் இரட்டை அடையாள நீரோடு உடற்கொழுப்பையும் அளந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. பரிந்துரைத்த அளவுக்குள் எடை ஏறியவர்கள் எரித்ததைவிடச் சற்றுக் குறைவாகவே சாப்பிட்டிருந்தார்கள். அவர்களின் சொந்தக் கொழுப்பு கரைந்து பற்றாக்குறையை ஈடுகட்டியது. எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக, கர்ப்பத்தில் நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. பருமனானவருக்கு அதை அப்படியே பொருத்தலாமா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆக, அந்தப் படிவத்தால் பயனே இல்லையா? உண்டு. கீரை, பயறு, பால், முட்டை அடிக்கடி சாப்பிடுகிறாரா, டீயில் சர்க்கரை போகிறதா என்பதையும், ஆயிரம் பேரில் யார் அதிகம், யார் குறைவு என்ற வரிசையையும் ஓரளவு காட்டும். ஒரு தனி ஆளின் கலோரியைச் சொல்ல அதற்கு வலு இல்லை. அந்த எண்ணை வைத்து ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்குவதும், "இன்னும் குறை" என்று சொல்வதும் தவறு. அதைவிட ஆபத்து, அதை நம்பி அவர் நிஜமாகவே 1,200-க்குக் கீழே இறங்கிவிடுவது.

உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்பட மூன்று நாள், சாப்பிடும் முன் தட்டை போனில் படம் எடுக்கட்டும். டீ, முதல் பிள்ளை இருந்தால் அது மிச்சம் வைத்தது, பட்டறையிலோ கடையிலோ வாங்கித் தின்றது எல்லாமே படத்தில் வரட்டும். வீட்டு டம்ளர், குழம்புக் கரண்டி இரண்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மாத எண்ணெய், சர்க்கரை எவ்வளவு தீர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தனியாக உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், நீங்களும் வெளியே இருங்கள். தெரியாததை "தெரியவில்லை" என்றே சொல்லட்டும், ஊகித்து எண் கொடுக்க வேண்டாம்.

கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் உடல் நிறை எண் (BMI) 30-க்கு மேல் உள்ளவர்களுக்குக் கர்ப்பம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்பது 2009-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு. உங்கள் தங்கைக்கு 34 வருகிறது. இதுவரை எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று அட்டையில் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை முடிந்ததா, ரத்த அழுத்தம் எவ்வளவு, ஸ்கேனில் குழந்தை வளர்ச்சி எப்படி என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் எந்த வேளைச் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.