மூத்த பிள்ளைக்கு வந்தது அடுத்த பிள்ளைக்கும் வருமா?

மரபணு நோய்கள்: வாசகர் கேள்வி – பதில்

எனக்கும் என் தாய்மாமாவுக்கும்தான் கல்யாணம் ஆயிற்று. மூத்த பையன் பிறக்கும்போது நன்றாக இருந்தான். மூன்று மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. கை கால் துவண்டே கிடந்தன. ஆனால் முகம் பார்த்துச் சிரிப்பான். எட்டாம் மாதம் நிமோனியா வந்து தவறிவிட்டான். அடுத்தவள் மகள், நான்கு வயது, ஒரு குறையும் இல்லை. ‘நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு டாக்டர் சொன்னாருல்லா, அந்த ஒண்ணு போயிட்டு, இனி பயமில்ல’ என்று என் ஆச்சி சொல்லுதாவ. அவர்கள்தான் எனக்கு மாமியாரும். மூன்றாவது குழந்தைக்கு முயலலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

முயலலாம். ஆனால் சோதனை முடிவு கைக்கு வரும்வரை கருத்தரிக்க வேண்டாம். ஆச்சியின் கணக்கு சரியில்லை. நாலில் ஒன்று என்பது நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பங்கு அல்ல. ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே 25 சதவீதம். மூன்றாவது கருவுக்கும் அதேதான்.

மரபணு ஒவ்வொன்றும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. இத்தகைய நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி இருப்பவரைக் கேரியர் என்கிறோம். அவர் நோயாளி அல்ல. உங்கள் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ இருந்த ஒற்றைப் பழுது, நேரே மகனான உங்கள் கணவருக்கும், மகளான உங்கள் அம்மா வழியே உங்களுக்கும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் பையனிடம் சேர்ந்துவிட்டன. தாய்மாமனைக் கட்டிப் பிறக்கும் குழந்தைக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. இப்படி ஒன்றிரண்டு பழுதாவது இல்லாத மனிதர் அரிது. பெற்றவள் ராசி சரியில்லை என்று யாராவது வாயெடுத்தால் ஆச்சியே முன்னின்று தடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயின் முதல் வகையை நினைக்க வைக்கின்றன. ஆனால் குழந்தையைத் துவள வைக்கும் நோய்கள் வேறும் உண்டு. யூகத்தை வைத்துக் கருவைச் சோதிக்க முடியாது. எந்த மரபணுவில் எந்தப் பழுது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், பையனுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் அவன் ரத்தமோ டி.என்.ஏ.வோ சேமிப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் இருவரும் கொடுக்க வேண்டும்: தலா 2 முதல் 3 மி.லி. ரத்தம், ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும்; அது டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு இடைஞ்சல். எஸ்.எம்.ஏ. நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று, பிரதிகளை எண்ணும் எம்.எல்.பி.ஏ. முறையில் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே ஒரு பிரதி என்றால் காரணம் ஏறக்குறைய உறுதி. இரண்டிரண்டு இருந்தால் பெரும்பாலும் வேறு நோய். அப்போதுதான் பல்லாயிரம் மரபணுக்களை ஒரேயடியாகப் படிக்கும் எக்ஸோம் சோதனைக்குப் போக வேண்டும். பலர் முதலிலேயே எக்ஸோமுக்குப் பணம் கட்டி, ‘ஒன்றும் இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி அடுத்த குழந்தையிலும் அடிபடுகிறார்கள். எஸ்.எம்.என்.2 என்று அச்சு அசலாக இன்னொரு மரபணு பக்கத்திலேயே இருப்பதால், சாதாரண எக்ஸோம் எஸ்.எம்.என்.1 இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

பழுது தெரிந்த பிறகு கருத்தரித்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துப் பார்க்கலாம். அது தவறினால் 16-ஆம் வாரம் பனிக்குட நீர். எடுத்த திசுவில் தாயின் செல் கலந்திருந்தால் முடிவு பிசகும். அதனால் உங்கள் ரத்தத்தையும் கூடவே அனுப்பி ஒப்பிடச் சொல்ல வேண்டும். கருவுக்கு நோய் உறுதியானால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். முடிவு உங்களுடையது.

மகள் கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. இப்போது அவளைச் சோதிக்க அவசியமில்லை. கல்யாணப் பேச்சு எழும் முன் பார்த்தால் போதும்.

இதைப் படிப்பவர் யார் வீட்டிலாவது காரணம் தெரியாத நோயோடு குழந்தை ஐ.சி.யு.வில் இருந்தால், இன்றே ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து டி.என்.ஏ.வைச் சேமிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இதைக் கேட்பது கொடுமைதான். ஆனால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அந்த ரத்தம் கிடைக்காது.

என் பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை. ஆனால் ஒரே சாதி, பக்கத்துப் பக்கத்து ஊர். பிறகு எப்படி வந்தது?
– வாசகர், வள்ளியூர்

பிறவிக் காது கேளாமைக்கு மரபணு மட்டுமே காரணம் அல்ல. கர்ப்பத்தில் வந்த ரூபெல்லாவும், பச்சிளம் வயதின் கடுமையான மஞ்சள் காமாலையும்கூடக் காரணமாகலாம். மரபணு என்றால், சொந்தம் என்று பெயர் இல்லாவிட்டாலும் பழைய சொந்தம் இருக்கலாம். சிறு கூட்டமாகத் தொடங்கி, பல தலைமுறை தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்த சமூகங்களில் ஒரே மூதாதையின் பழுது பல வீடுகளில் பரவியிருக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81-இல் இந்த விளைவு, இதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிட வலுவாக இருந்தது. காது விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஜி.ஜே.பி.2 மரபணு.

ஆனால் மரபணு ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளாதீர்கள். ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனையில் உறுதியானதும் காது கருவி போட வேண்டும். பிறந்து 6 மாதத்துக்குள் போடுவது நல்லது. உட்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் தேவை என்றால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். வயது வரம்பு உண்டு, உடனே விசாரியுங்கள். வயது ஏற ஏறப் பேச்சு வருவது கடினம்.

கணவன் மனைவி இருவருக்கும் ஓ பாசிட்டிவ். பிள்ளைக்குக் குறை வருமா?
– வாசகி, களக்காடு

வராது. ஒரே ரத்த வகை என்பதால் சொந்தம் ஆகிவிட மாட்டீர்கள். கவனிக்க வேண்டியது மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால்தான். அப்போது 28-ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைத் தாய்க்குப் போட வேண்டும். கரு கலைந்தாலும் போட வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மகளுக்கு 21 வயது. ஹீமோகுளோபின் 10-க்கு மேல் ஏறவே இல்லை. ஒரு வருடமாக இரும்புச் சத்து மாத்திரை. மைனி மகளுக்கும் இப்படித்தான். மாப்பிள்ளை பார்க்கிறோம்.
– வாசகி, தென்காசி

பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியாவின் கேரியரா என்று பாருங்கள். பழைய ரத்த ரிப்போர்ட்டிலேயே குறிப்பு இருக்கும்: எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80-க்குக் கீழே இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பார்த்து, இரும்புக் குறை இருந்தால் சரிசெய்துவிட்டு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. எடுங்கள். இரும்பு குறைந்திருந்தால் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவும் குறைந்து, கேரியரை இயல்பானவராகக் காட்டிவிடும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் கேரியர். பெரிட்டின் சரியாக இருந்தும் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்தால் பயனில்லை, உடம்பில் இரும்பு சேரும்.

இந்தப் பழுது இத்தனை பேரிடம் நிலைத்ததற்கு மலேரியா காரணம். ஒற்றைப் பழுது உள்ளவர்கள் கடும் மலேரியாவில் சாவது குறைவு. அதனால் மலேரியா மண்டிய நாடுகளில் பழுதும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. இதை 1949-இல் ஊகித்தவர் மரபியல் அறிஞர் ஹால்டேன். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோயும் அதே வழியில் நிலைத்ததுதான். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது 1952-இல் கண்டறியப்பட்டது.

மகள் கேரியர் என்றால் கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையும் எச்.பி.எல்.சி. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கேரியர் இல்லையென்றால் பேரப்பிள்ளைகளுக்குக் கடும் தலசீமியா வராது. இருவரும் கேரியர் என்றால் அம்பாசமுத்திரம் வாசகிக்குச் சொன்ன வழிதான். மைனி மகளுக்கும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மகளுக்கு முறைப்பையனைப் பேசுவதாக இருந்தால், அவருக்குத்தான் முதலில் பார்க்க வேண்டும்.