வாரண்டி முடிந்த காருக்குக் கம்பெனியிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: என் ஹேட்ச்பேக் கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் வத்தலகுண்டு சாலையில் ஒரு வளைவில் ஸ்டியரிங் திடீரென இறுகிவிட்டது; டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியானது. அதன்பிறகும் அவ்வப்போது இப்படியே ஆகிறது. ‘பவர் ஸ்டியரிங் யூனிட்டையே மாத்தணும், 64,000 ரூபாய் ஆகும், வாரண்டி எப்பவோ முடிஞ்சிடுச்சு’ என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். இதே மாடல் வைத்திருக்கும் என் மச்சானுக்கும் இதே பிரச்சினை. கடைசி இரண்டு சர்வீஸை நான் வெளியில்தான் செய்தேன். யூனிட்டைப் பிரித்து 12,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருவதாக வெளி மெக்கானிக் சொல்கிறார். கம்பெனியைச் செலவை ஏற்க வைக்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வழி இருக்கிறது. முழுப் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். பார்ட் விலையில் பாதியோ முக்காலோ கம்பெனி ஏற்க, லேபரை நீங்கள் கட்டுவது என்று முடிவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். ‘குட்வில்’ என்பார்கள். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை.

உங்களிடம் பேசிய சர்வீஸ் அட்வைசர் டீலரின் ஊழியர். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பாவம் அவர் கையில் ஒன்றும் இல்லை. தீர்மானிப்பவர் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். ‘இந்த கேஸை அவருக்கு அனுப்புங்கள்’ என்று ஒர்க்ஸ் மேனேஜரிடம் கேளுங்கள். அன்றைக்கே கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் மெயில் போட்டு, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும்.

அதற்கு முன் ஒரு வேலை. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கின் மோட்டார் கரண்டை நிறைய இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தாலோ, எர்த் வயர் லூஸாக இருந்தாலோ இதே மஞ்சள் விளக்கு எரியும், ஸ்டியரிங்கும் இறுகும். ஆகவே பேட்டரியையும், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் செக் செய்து, அளவு எழுதிய ரிப்போர்ட் வாங்குங்கள். கம்பெனி முதலில் கேட்கப்போவது இதைத்தான். வெளியில் ஆம்ப்ளிஃபையர் மாட்டினீர்களா, டயர் சைஸை மாற்றினீர்களா என்றும் கேட்பார்கள், மாற்றியிருந்தால் மறைக்காதீர்கள். வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அடுத்து, ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடை (பழுதைக் குறிக்கும் எண்) பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோடை அழித்துவிட்டு ‘இப்ப ஒண்ணும் காட்டல சார்’ என்று வண்டியைத் திருப்பித் தரும் வழக்கம் உண்டு. அடுத்த முறை ஸ்டியரிங் இறுகினால் ஓரமாக நிறுத்தி, மஞ்சள் விளக்கும் கிலோமீட்டரும் ஒரே ஃபிரேமில் தெரிய வீடியோ எடுங்கள். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் ‘ஸ்டியரிங் டைட்’ என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஓடும்போது பவர் ஸ்டியரிங் வேலை செய்யாமல் போகிறது’ என்று முழுதாக எழுத வையுங்கள். முன்னது ஒரு குறை, பின்னது பாதுகாப்புப் பிரச்சினை.

மெயிலில் வசவு வேண்டாம். ‘வாரண்டி முடிந்தது தெரியும். ஆனால் இந்த யூனிட் தேய்மானத்தில் போகும் சாமான் அல்ல, 58,000 கிலோமீட்டரில் போகக்கூடாது. இதே மாடலில் இன்னொரு காரிலும் இதே பழுது’ என்று எழுதி, மச்சானின் ஜாப் கார்டையும் இணையுங்கள். வெளியில் செய்த சர்வீஸ் உங்கள் பக்கத்தைக் கொஞ்சம் பலவீனமாக்கும், மறுப்பதற்கில்லை. அந்த பில்களையும் வையுங்கள். எஞ்சின் ஆயில் எங்கே மாற்றினால் என்ன, ஸ்டியரிங் மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சேருங்கள்.

கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு, ரீகால், அதாவது குறையுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் அறிவிப்பு, ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பேச்சே வேண்டாம், இலவசம்தான். டகாட்டா என்ற கம்பெனி தயாரித்த ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறிய விவகாரத்தில் ஹோண்டா நம் நாட்டில் பத்து வருஷம் கடந்த கார்களுக்கும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தது. வெயிலிலும் ஈரக்காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்த ஏர்பேக்குக்குள் இருக்கும் வெடிமருந்து கெட்டுப்போகும் என்பதால், பழைய கார்களுக்குத்தான் ஆபத்தே அதிகம். ரீகால் இல்லையென்றாலும் புகார் கொடுக்கலாம். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால், ரீகால் செய்யும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரலிலிருந்து இந்த விதி இருக்கிறது, உரிமையாளர்கள் ஆன்லைனில் புகார் பதியலாம். உங்கள் காருக்கு இன்னும் ஒரு வருஷம் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள்.

கம்பெனி கைவிரித்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கோர்ட் இல்லைதான், ஆனாலும் அங்கிருந்து வரும் கடிதத்தைக் கம்பெனியின் வேறு மேஜை படிக்கும். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை தோன்றிய இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் உற்பத்திக் குறைதான் என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை கேட்பார்கள், வாரண்டி முடிந்த கதையை எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும். 64,000 ரூபாய்க்கு அவ்வளவு அலைச்சல் தேவையா என்றால், பாதிப் பணம் தர கம்பெனி முன்வந்தாலே நான் வாங்கிக்கொள்வேன்.

பதில் வரும்வரை அந்தக் காரில் மலைப்பாதைக்குப் போகாதீர்கள், வீட்டிலிருக்கும் பெரியவர்களை ஓட்டவும் விடாதீர்கள். அவசரத்துக்குக் கையிலிருந்து பணம் கட்டி மாற்றத்தான் வேண்டும் என்றால், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், பழைய பார்ட்டைத் திருப்பித் தரவும்’ என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். 12,000 ரூபாய் மெக்கானிக்கை இப்போதைக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் வெளியாள் பிரித்த யூனிட்டுக்கு எந்த ஏரியா மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார்.