அவள் பேசும் நேரம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் சில மாதங்களாக ஒரு செயலி வழியாக, வீடியோவில் மனநல ஆலோசகரிடம் பேசுகிறாள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவரிடம் மனம் திறக்க முடியுமா? இது காசு கொடுத்துப் பேச்சுத்துணை தேடுவதுதானே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியும். ஆலோசகருக்கும் அவரிடம் வருபவருக்கும் இடையிலான உறவில் மூன்று விஷயங்கள் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார். எதற்காகப் பேசுகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் உடன்பாடு. அப்புறம் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை. இவை வீடியோவிலும் உருவாகின்றன என்றே ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. பேச்சுத்துணைக்கு வருபவர் நமக்குப் பிடித்ததைப் பேசுவார். ஆலோசகர் பிடிக்காததையும் கேட்பார். மடியில் கை நடுங்குவது கேமராவில் தெரியாதுதான். அதனால் பொறுப்பானவர், ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், அவசரம் என்றால் யாரை அழைக்கலாம்’ என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்வார்.

உங்கள் சந்தேகத்தை நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பக்கம் திருப்புங்கள். இணையவழியில் மனநல ஆலோசனை தரும் அமெரிக்க நிறுவனமான பெட்டர்ஹெல்ப், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலக் கேள்விப் படிவத்தில் அவர்கள் தந்த விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் சம்மதித்தது. ஆலோசகர் வாய் திறக்காமல் இருந்து என்ன பயன்? நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. ஆலோசகரின் படிப்பு என்ன, பதிவு எண் என்ன, தன் விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்று மகள் கேட்கட்டும். மழுப்பினால் விலகிவிடலாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ரகசியம் வீட்டிலும் கசியும் அம்மா. ஆன்லைனில் ஆலோசனை அறை என்பது உங்கள் வீட்டு அறைதான். உங்களைப் பற்றியே அவள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கலாம். நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றால் எப்படிச் சொல்வாள்? எத்தனையோ பிள்ளைகள் இதற்காகவே மொட்டைமாடியில் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார்கள். அவள் பேசும் நேரத்தில் ஹாலில் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். வெளியே வந்ததும், ‘என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே’ என்று விசாரிக்காதீர்கள்.