ஜெர்மன் ‘பில்லியோன்’ ஏன் ஆங்கில பில்லியனைவிட ஆயிரம் மடங்கு பெரியது?

ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. 1-க்குப் பின் 9 சுழியம். ஜெர்மன் ‘பில்லியோன்’ 12 சுழியம், அதாவது நம் கணக்கில் லட்சம் கோடி.

காரணம் அந்த ‘பி’. அதற்கு இரண்டு என்று பொருள். மில்லியனை மில்லியனால் பெருக்கினால் வருவதற்கே முதலில் அந்தப் பெயர். பின்னால் வந்த முறையில் ஆயிரம் மடங்கு ஏறியதுமே பெயர் மாறிவிடும். பிரிட்டன் அரசு 1974-இல்தான் 9 சுழியத்துக்கு மாறியது. மாடி எண்ணுவது போலத்தான்: நமக்கு முதல் மாடி படியேறினால் வரும், அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே முதல் மாடி.

மொழிபெயர்க்கும்போது கவனம் தேவை. ஜெர்மனில் 100 கோடிக்குச் சொல் ‘மில்லியார்டே’. ஸ்பானிஷில் ‘ஆயிரம் மில்லியன்’ என்றே சொல்வார்கள். ‘பில்லியோன்’ என்பதை அப்படியே பில்லியன் என்று எழுதினால் 1,000 ரூபாய் 1 ரூபாயாகிவிடும்.

12 சுழியம் போடுவது பிழை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் மூத்த கணக்கு.