தெருவில் கரண்ட் இருப்பதால் மனை சுத்தமான மனை ஆகிவிடாது

வாசகர் ஒருவரின் கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஜல்லடியன்பேட்டைப் பக்கம் அரை கிரவுண்டு மனை பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். புரோக்கரோ, "தெருவுல எல்லா வீட்டுக்கும் இ.பி. லைன் இருக்கு சார், வில்லங்கம்னா கவர்மென்ட் கரண்ட் கொடுக்குமா?" என்கிறார். சட்டமன்றத்தில் ஈரநிலம், மின்சாரம் இரண்டையும் பற்றிப் பேசுகிறார்களே, விதி தளரும்வரை காத்திருக்கலாமா?

மைத்துனர் பேச்சைக் கேளுங்கள். மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் புரோக்கரின் வாதம். சென்னையில் பாதி மனை இந்த ஒரு வசனத்தில்தான் விற்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் அங்கே குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது. குடியிருப்பவரும் கேட்கலாம் என்னும்போதே தெரிகிறதல்லவா, இ.பி. பார்ப்பது நிலம் யாருடையது என்பதை அல்ல, அங்கே ஆள் இருக்கிறாரா என்பதைத்தான். மின் கட்டண அட்டை பட்டா ஆகாது. பெருநகரங்களில் கம்பம், கேபிள் எதுவும் புதிதாகப் போட வேண்டியில்லை என்றால் மூன்று நாளில் இணைப்பு தரவேண்டும் என்று 2024இல் மத்திய விதியைத் திருத்தினார்கள், அந்த மூன்று நாளில் யாரும் உங்கள் மூலப்பத்திரத்தை அலசிக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஆனால் நீர்நிலை என்று வந்தால் கதை வேறு. மின் இணைப்பு, வீட்டு வரி, கட்டட அனுமதி எது கேட்டு வந்தாலும் இடம் நீர்நிலையில் இல்லை என்று விண்ணப்பதாரரிடம் எழுதி வாங்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது யார்? நீங்கள். நாளைக்குத் தப்பென்று தெரிந்தால் புரோக்கர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையும் இதே மாதிரிதான். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி கையில் வந்துவிடும், அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி, அதனால் உங்களுக்கும் அது பொருந்தும், "அனுமதி வாங்கிட்டோம் பாருங்க" என்று காட்டுவார்கள், ஆனால் அது நீங்கள் சொன்னதை நம்பிக் கொடுத்தது. சொன்னது தவறென்றால் அனுமதியும் நிற்காது.

சரி, சட்டமன்றம். அங்கே என்ன பேசினாலும் உங்கள் மனையைக் கட்டிப்போட்டிருக்கும் முடிச்சு பெரும்பாலும் அங்கே இல்லை. 2017 ஈரநில விதிகள் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போட்டவை. மின் வழங்கல் விதித்தொகுப்பை எழுதுவது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சட்டமன்றம் சொந்தமாகச் செய்தது என்றால் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் 2007 சட்டம், பெரிய திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைக்க 2023இல் கொண்டுவந்த சட்டம் போன்றவை. பின்னது நீர்நிலைகளைக் காவு கொடுத்துவிடும் என்று விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன, என் கருத்தும் அதுவே, ஆனால் அது நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கானது, அரை கிரவுண்டுக்கு அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஏரியும் ஈரநிலந்தானே என்று நினைப்போம். 2017 விதிகள் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரிகளை விட்டுவிடுகின்றன, அவற்றுக்கு 2007 சட்டம்தான் காவல். பள்ளிக்கரணை அப்படியல்ல, இயற்கையான கழுவெளி. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையும், அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியும் அளந்து முடிக்கப்படும் வரை, தலத்துக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. மைத்துனர் சொல்லும் ஒரு கிலோமீட்டர் இதுதான். இந்த உத்தரவின் இன்றைய நிலை என்ன, உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) மனுப் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

பத்திரத்தில், ஈசி எனும் வில்லங்கச் சான்று மட்டும் போதாது, ஈசியில் இடம் சதுப்பா மேடா என்று எழுதியிருக்காது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'ஏ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள். அதிலும் 1980களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பதிவோடு நிறுத்திவிடாமல் அதற்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேளுங்கள், பழையதில் கழுவெளி என்றோ புறம்போக்கு என்றோ இருந்து புதியதில் பட்டா நிலமாக மாறியிருந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் ஒருமுறை நேரில் போங்கள், காரில் இல்லை, நடந்து. தெருமுனை இ.பி. பில்லர் பாக்ஸைப் பாருங்கள். தரையோடு இருந்த பெட்டியை இடுப்பளவு கான்கிரீட் மேடை கட்டித் தூக்கி வைத்திருந்தால், அங்கே வெள்ளம் எவ்வளவு வந்தது என்று இ.பி.காரர்களுக்கு நன்றாகவே தெரியும் என்று அர்த்தம். பழைய வீடுகளில் மீட்டர் பெட்டி நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருக்கிறதா, சுவரில் 2023 மிக்ஜாம் விட்டுப்போன கறைக்கோடு எங்கே இருக்கிறது, காலி மனையில் சம்புப் புல் நிற்கிறதா என்று கவனியுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் "அந்த டிசம்பர்ல எத்தனை நாள் கரண்ட் இல்ல?" என்று கேளுங்கள், அவருக்கு விற்க மனை எதுவும் இல்லை.

கொடுத்த அட்வான்ஸுக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. ஒப்பந்தத்தில், கட்டட அனுமதியோ வீட்டு உபயோக மின் இணைப்போ சட்டப்படி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அந்த வரிக்கு முகம் சுளித்தால், சி.எம்.டி.ஏ. பதிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.