நன்றாக ஓடுகிற போனில் செயலிகளை எதற்கு அப்டேட் செய்ய வேண்டும்?

கேள்வி: போன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் செயலிகளை அப்டேட் செய்யச் சொல்லி நாள்தோறும் அறிவிப்பு வருகிறது. செய்தே ஆக வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

செய்துவிடுங்கள். இதோடு நிறுத்திக்கொண்டிருப்பேன், ஆனால் "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே வாசகத்தை நானும் ஒரு காலத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன். உங்களிடம் இருப்பதும் என்னுடையதைப் போல 32 ஜிபி போன்தான், வீட்டில் வைஃபை கிடையாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் லாட்ஜில் பதினோரு ஆண்டுகளாக மேனேஜராக இருக்கிறேன். மேனேஜர் என்பது பெயருக்குத்தான். சாவி கொடுப்பது, லெட்ஜர் எழுதுவது, வாடகை வாங்குவது, விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் போடுவது எல்லாம் என் வேலை. எங்கள் பகுதியில் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மருத்துவத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள். முன்பெல்லாம் ரொக்கமாகத் தருவார்கள். இப்போது முக்கால்வாசிப் பேர் கியூஆர் அட்டையைக் காட்டச் சொல்லிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை வீண் என்று முதலாளி வாங்கவில்லை. ஆகவே வரவு வந்ததா என்பதை என் போனில் இருக்கும் வணிகர் செயலியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

2023 நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை, ஐந்து மணி ஆகியிருக்காது. பர்தமான் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு முதியவரும் அவர் மனைவியும் ஹவுரா வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார்கள். மூன்று நாள் வாடகை 1,950 ரூபாய். அவர் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, தம் போனில் வந்த பச்சைக் குறியைக் காட்டினார். போலிப் பச்சைக் குறியைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அந்த வாரம்தான் முதலாளி எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருந்தார். நான் என் செயலியைத் திறந்தேன். வரவுப் பட்டியல் வரவில்லை. "இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதுப்பிக்கவும்" என்ற வாசகமும் அதன் கீழே ஒரே ஒரு பொத்தானும் வந்து நின்றன. அழுத்தினால், போனில் போதிய இடமில்லை என்று வந்தது.

கேலரிக்குள் போய் காலை வணக்கப் படங்களையும் உறவினர் வீட்டு வளைகாப்பு வீடியோக்களையும் அழிக்கத் தொடங்கினேன். நானூறு படங்களாவது அழித்திருப்பேன். அப்படியும் இடமில்லை என்றே வந்தது. கேலரியில் அழிப்பவை உடனே போய்விடுவதில்லை, குப்பைத் தொட்டி போன்ற ஒரு கோப்புறையில் சில வாரங்கள் கிடக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் விடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். காட்பாடி நிலையமோ பாலாற்றுக்கு அந்தப் பக்கம். முதியவர் "தாதா, தாதா" (வங்காளியில் அண்ணா) என்று கூப்பிட்டு, மறுபடியும் மறுபடியும் அந்தப் பச்சைக் குறியையே காட்டிக்கொண்டிருந்தார். நான் லெட்ஜரைக் காட்டி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள், முந்தைய பணம் வந்திருந்தால் திருப்பி அனுப்புகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு, துணிப்பையில் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த மூன்று ஐந்நூறு, நான்கு நூறு, ஓர் ஐம்பதை எடுத்து மேசை மேல் வைத்தார். அதற்குப் பிறகு பையில் எவ்வளவு மிஞ்சியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி.

ஆறேகால் மணிக்கு ரூம் பாய் வந்து அந்தக் குப்பைத் தொட்டியைக் காலி செய்து கொடுத்தான். செயலி புதுப்பித்துக்கொண்டு திறந்தது. முதல் வரியிலேயே இருந்தது: 1,950 ரூபாய், 4.48 மணி. அந்த நிமிடமே அவர் எண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதலாளிக்கு விசுவாசமாகத்தானே நடந்துகொண்டீர்கள், இதில் உங்கள் தவறு என்ன என்று சிலர் கேட்கலாம். ஏமாற்றுக்காரர் என்று சந்தேகித்தது முதலாளி சொல்லிச் செய்தது. ஆனால் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த அறிவிப்பைத் தள்ளித் தள்ளி விட்டது நான்தானே.

அந்த ரூம் பாய் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. என் ப்ளே ஸ்டோரைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, வைஃபையில மட்டும் தானா அப்டேட் ஆகும்னு வெச்சிருக்குது. உங்க போனு எப்பண்ணா வைஃபை பார்த்துது?" என்று கேட்டான். நான் அப்படி எதையும் வைக்கவில்லை. அது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. பொதுவாகத் தானியங்கிப் புதுப்பிப்பு, போன் வைஃபையில் இணைந்து, சார்ஜ் ஏறிக்கொண்டு, யாரும் தொடாமல் இருக்கும் வேளையில் நடப்பது. என்னைப் போல் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அந்த வேளை வாய்ப்பதே இல்லை. இத்தனைக்கும் லாட்ஜின் வைஃபை கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி நாளொன்றுக்குப் பத்துப் பேருக்காவது கொடுக்கிறவன் நான். அது விருந்தினருக்கு உரியது என்று என் போனை மட்டும் இணைக்காமல் இருந்தேன். ப்ளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் நெட்வொர்க் பற்றிய பகுதிக்குப் போனால் இதைப் பார்க்கலாம். உங்களுக்கும் வைஃபை இல்லையென்றால் எந்த நெட்வொர்க்கிலும் என்று மாற்றிவிடுங்கள், அல்லது வாரம் ஒரு முறை நீங்களே கையால் செய்யுங்கள்.

நான் கணினி படித்தவன் அல்லன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பணம் தொடர்பான செயலியில் ஒரு பாதிதான் நம் போனில் இருக்கிறது. மறுபாதி அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அங்கே முறையை மாற்றிவிட்டால் நம்மிடம் உள்ள பழைய பாதியோடு அது பேசாது. பாதுகாப்பு என்பது இன்னொன்று. 2019 மே மாதத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அழைப்பை எடுக்காவிட்டாலும்கூட வேவு மென்பொருளைப் போனுக்குள் இறக்கிவிட முடிந்தது. ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாகக் கூறி, அந்த வேவு மென்பொருளைத் தயாரித்த இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் மீது வாட்ஸ்அப் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தது. பயனர்களுக்கு அன்று சொல்லப்பட்ட வழி, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்பதுதான். ஓட்டை அடைக்கப்பட்ட செய்தி வெளிவந்ததும் அது எங்கே இருந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடுவதால், அதன்பின் பழைய பதிப்பை வைத்திருப்பவர் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறவர் மாதிரி.

லாட்ஜ்காரன் போனை யார் வேவு பார்க்கப் போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். விருந்தினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் அட்டைப் படங்கள் மூன்று ஆண்டு அளவுக்கு என் போனில் கிடந்தன. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் அவையும் உண்டு. இப்போது லெட்ஜரில் பதிந்ததும் அழித்துவிடுகிறேன்.

அப்டேட் செய்ததாலேயே கெட்டுப்போன கதைகள் எனக்கும் தெரியும். 2021 மார்ச்சில் செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும், ஆண்ட்ராய்டின் வெப்வியூ என்ற அடிப்படைப் பகுதிக்கு வந்த ஒரு அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. கூகுள் அதை இன்னோர் அப்டேட் மூலமாகத்தான் சரிசெய்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறக்கியிருந்த ஒரு பார்கோடு ஸ்கேனர் செயலி, 2020 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு தானாக விளம்பரப் பக்கங்களைத் திறக்கத் தொடங்கி, ப்ளே ஸ்டோரிலிருந்தே நீக்கப்பட்டது. ஆகவே என் யோசனை, ஆறு மாதமாகத் தொடாத செயலியைப் புதுப்பிக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். எனக்குப் பதினேழு செயலிகள் அப்படிப் போயின. பண்டிகைக்கு இறக்கிய வாழ்த்து அட்டைச் செயலி மட்டும் மூன்று இருந்தன.

இன்னோர் எச்சரிக்கை. அப்டேட் என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் கோப்பைத் தொடாதீர்கள். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கிச் செயலியின் புதிய பதிப்பு என்று பல வேடங்களில், கடைசியில் ஏபிகே (.apk, செயலியை நிறுவும் கோப்பு) என்று முடியும் பெயரோடு அது வரும். அதை நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி இன்னொருவருக்கும் போகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள்.

எனக்கு இருக்கும் ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வோர் அப்டேட்டிலும் என்ன மாறியது என்று பார்த்தால் "பிழைத்திருத்தங்கள், செயல்திறன் மேம்பாடுகள்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. எந்தப் பிழை, யாருக்கு நேர்ந்தது என்று ஒரு வாக்கியம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? போன மாதம் என் வணிகர் செயலியில், மேலே இருந்த வரவுப் பட்டியலைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தங்கக் கடன் விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரை நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக அப்டேட்டை நிறுத்திவிடவில்லை. இரவு பதினொன்றுக்குக் கேட்டைப் பூட்டியதும் சாவிப் பலகைக்குக் கீழே சார்ஜரில் போட்டு, விருந்தினர் வைஃபையில் இணைத்துவிட்டுப் படுக்கிறேன். உங்கள் போனில் எத்தனை ஜிபி மிச்சம் இருக்கிறது என்று கேள்வியில் இல்லை. இரண்டுக்குக் கீழே இருந்தால் முதலில் கேலரியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள்.