எக்ஸ்ரே ரூம்ல இருந்த தண்ணிய குடிக்கலாமா?

சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்லருந்து ஒரு தங்கச்சி கேக்கறாங்க: "அப்பாவுக்கு இருமல் விடல, டவுன் கிளினிக்ல நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். தண்ணி போத்தல் ரூம் உள்ளயே இருந்துச்சு. எக்ஸ்ரே பட்டா தண்ணி லட்சம் டிகிரி சூடாயிடும்னு வீடியோ வந்துச்சு, அதப் பாத்துட்டு அப்பா அடுத்த படத்துக்கு வரமாட்டேங்கறாரு."

தண்ணிய தாராளமா குடிங்க தங்கச்சி. உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான், அப்பா பயப்படறதுல தப்பில்ல. லட்சம் டிகிரியும் நெசந்தான், ஆனா அது கிளினிக் மெஷின் இல்ல. கலிபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்ட் பக்கம் எல்சிஎல்எஸ்னு ஒரு எக்ஸ்ரே லேசர் 2009லருந்து ஓடுது, அதுல மெல்லிசா பீச்சுற தண்ணி மேல அடிச்சுப் பாத்தத 2018ல எழுதினாங்க, 75 ஃபெம்டோசெகண்டுக்குள்ள அந்தச் சூடு. ஒரு செகண்ட பத்து கோடிக் கோடியா பிரிச்சா ஒரு பங்குதான் ஃபெம்டோசெகண்ட், அந்த 75க்குள்ள வெளிச்சமே ஒரு முடி கனத்தத் தாண்டாது!

அடுப்புல கெட்டில வச்சா தண்ணி மூலக்கூறு மெல்ல மெல்ல ஆடி, வேகமெடுத்து, அப்புறம்தான் கொதிக்கும். அந்த லேசர்ல அப்படியில்ல. எக்ஸ்ரே ஆக்ஸிஜன் அணுவோட உள் எலக்ட்ரான தட்டி விடுது, அது போன இடத்த நிரப்பறப்ப இன்னொன்னும் கழண்டு ஓடும், ஓடுற எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுலயும் மோதும், கடைசியில எல்லாம் பாசிட்டிவா நின்னு ஒன்னையொன்னு தள்ளும். பக்கத்து மூலக்கூறுகளோட கை கோத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்துடும், லேசான ஹைட்ரஜன் முதல்ல பறக்கும். அணுக்கள் தூரமா விலகிப்போக நேரமே இல்லாததால அடர்த்தி மட்டும் பழைய தண்ணி மாதிரியே இருக்கும், உள்ளுக்குள்ள பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான் கழண்டு போன அணுக்களோட கலவை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். இந்த லேசர வச்சு புரோட்டீன படம் புடிக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா புரோட்டீன சுத்தி தண்ணிதான், அது கலைஞ்சு போறதுக்குள்ள படம் விழணும்.

கிளினிக்ல நெஞ்சுப் படத்துக்கு வர்ற கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்ச அளக்கற அலகு), மண்ணு, காத்து, வானம்னு இயற்கையா பத்து நாள்ல நமக்குக் கிடைக்கற கதிர்வீச்சு அவ்வளவுதான். அதுல தண்ணி எவ்வளவு சூடாகும்னு கணக்கு போட்டா, ஒரு டிகிரிய கோடி பங்கா பிரிச்சு அதுல ஒரு பங்கு கூட தேறாது. அந்த லேசர் அத்தன சக்தியையும் ஒரு புள்ளியில, கண்ணிமைக்கற நேரத்துல கோடியில ஒரு பங்கு கூட இல்லாத நேரத்துல கொட்டுது, கிளினிக்ல அந்தச் சக்தியும் இல்ல, அந்த வேகமும் இல்ல. போத்தல் தண்ணியில கதிர்வீச்சு தங்கவும் தங்காது, மெஷின் நின்னதும் எக்ஸ்ரே நின்னுடும்.

அப்பாகிட்ட இந்தக் கணக்க சொல்லுங்க. விடாத இருமல்னா டிபியான்னு பாக்க அந்தப் படம் வேணும்மா, டாக்டர் சொன்ன தேதியிலயே கூட்டிட்டுப் போங்க.